அரசாங்கக் கதவு

கேட்டது கதவு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்த கூத்தில் அது எல்லோருக்கும் மறந்துபோனது. கேட்டவருக்கே ஒரு கட்டத்தில் மறக்கப் பார்த்தது. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு ஒரு கதவு. ஆறடி உயரம், மூன்றடி அகலம், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். இதற்காகத் தலைமை ஆசிரியை நான்கு வருடத்தில் பதினோரு கடிதம் எழுதினார்.

தலைமை ஆசிரியை என்றதும் அவருக்குக் கீழே நாலைந்து ஆசிரியர்கள் இருப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பள்ளியில் தலை மட்டும்தான் இருந்தது. ஐந்து வகுப்புக்கும் பாடம், வருகைப் பதிவு, கடிதப் போக்குவரத்து, கூரைத் தகரம் காற்றில் எழும்பினால் அதன்மேல் கல்லைத் தூக்கி வைப்பது, எல்லாம் அவர் ஒருவரே. ஊரில் டீச்சர் என்றால் அவர்தான்.

கதவுக்கு அவர் கைமுயற்சி எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. முதலில் சாக்கு தொங்கவிட்டார். பாதியைக் காற்று கொண்டுபோனது, மீதியை ஆடு தின்றது. பிறகு தச்சரைப் பிடித்துப் பலகையில் ஒரு கதவு போட்டார். அது ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் ஆய்வுக்கு வந்தவர்கள், அரசுக் கட்டடத்தில் அரசுக்குச் சொந்தமில்லாத பொருள் பொருத்தப்பட்டிருக்கிறது என்று குறிப்பெழுதி, கதவைக் கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். "கதவு வேணும்னா எழுதிக் கேளுங்க மேடம். அரசாங்கம் தராமலா போயிடும்?" என்று ஆறுதலும் சொன்னார்கள். ஆய்வு செய்கிறவர்களுக்கும் மனம் இருக்கிறது.

கதவு இல்லாததால் வருடத்துக்கு ஒன்றிரண்டு பெண் பிள்ளைகள் நின்றுபோனார்கள். நின்றுபோனார்கள் என்றால் ஒரே நாளில் இல்லை. முதலில் மத்தியானம் வீட்டுக்குப் போய்த் திரும்பமாட்டார்கள். பிறகு வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டார்கள். பிறகு செங்கல் சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் மிஞ்சியிருந்த பெண் ஒருத்திதான். பன்னிரண்டு வயது. பின்னக் கணக்கை ஒருமுறை சொன்னால் மறுமுறை அவளே டீச்சருக்குச் சொல்லித் தருவாள். காலையில் எழுந்ததிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை என்பது டீச்சருக்குத் தெரிந்தபோது, பன்னிரண்டாவது கடிதத்துக்குத் தாள் எடுத்தார். அன்றைக்குத்தான் லாரி வந்தது.

டீச்சர் ஓட்டமும் நடையுமாகப் போய் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பெரிய இரும்பு அலமாரி, ஓர் அட்டைப்பெட்டி. "மேம்பாட்டுக் கோரிக்கைக்கான பதில்: டேப்லெட் இருபது, அவற்றைப் பாதுகாக்க அலமாரி ஒன்று" என்று சீட்டில் எழுதியிருந்தது.

"இதுல கதவு எங்கப்பா இருக்கு?"

டிரைவர் அலமாரியைத் தட்டிக் காட்டினார். "அதோ, ரெண்டு இருக்கே டீச்சர். ரெட்டைப் பூட்டு வேற."

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் வந்தார். பேன்ட்டில் மடிப்புக் கலையாத இளைஞர். எதை ஒருங்கிணைக்கிறார் என்று கடைசிவரை டீச்சருக்குப் புரியவில்லை, ஆனால் எந்நேரமும் செய்துகொண்டிருந்தார்.

"மேடம், கரும்பலகை ஒரு வழிப் பாதை. நீங்க எழுதுவீங்க, பிள்ளைங்க பார்ப்பாங்க. இது அப்படி இல்ல. பிள்ளை இதைப் பார்க்கும், இது பிள்ளையைப் பார்க்கும்."

"நானும் பிள்ளைங்களைப் பார்க்கிறேனே தம்பி."

"நீங்க பார்க்கிறது பதிவாகாது மேடம்."

விதிகளைச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் நாளொன்றுக்குத் தொண்ணூறு நிமிடம் டேப்லெட்டின் முன் முகம் காட்டிப் படிக்க வேண்டும். முகம் தெரியாவிட்டால் அந்தப் பிள்ளை அன்று பள்ளிக்கு வரவில்லை. காகித வருகைப் பதிவேடு இனி செல்லாது. முதல் மாதம் ஒத்திகை; அதன்பின் இருபது பிள்ளைக்கு ஒன்று குறைந்தாலும் பள்ளியை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். அந்த ஆற்றுக்குப் பாலம் இல்லை. பள்ளியில் இருந்ததும் சரியாக இருபது பிள்ளை. பெயர்கள் நீளமாக இருந்ததால் கருவி ஏற்கவில்லை. எண் போதும் என்றது. பின்னக் கணக்குப் பெண் பதினாலு ஆனாள்.

பள்ளியில் மின்சாரம் இல்லை என்பதை டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒருங்கிணைப்பாளர் அதைத் தன் டேப்லெட்டில் குறித்துக்கொண்டார். "சவால்கள்" என்ற தலைப்பில் அதற்கு இடம் இருந்தது. குறித்தாயிற்று என்றால் தீர்ந்தாயிற்று.

ஊரில் மின்சாரம் ஒழுங்காக இருந்த ஒரே இடம் மாவு மில். மில்காரர் பதினாலுக்குத் தாய்மாமன். ஐம்பது வயது, பெரிய மீசை, ஒன்றாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவர். டீச்சர் கேட்டதும், "கொண்டாந்து போடுங்க டீச்சர், பிளக்குக்கா பஞ்சம்" என்றார். இருபதையும் வரிசையாகப் படுக்கவைத்து மின்சாரம் ஏற்றினார்கள். அங்கேதான் வினை வந்தது. கருவி முதன்முதலில் உயிர்பெற்றதும் எந்த முகத்தைப் பார்க்கிறதோ அதுவே தன் மாணவர் என்று பதிந்துகொள்ளும். பத்தொன்பது சும்மா கிடந்தன. பதினாலாவது திடுதிப்பென்று கண்விழித்தது. என்ன வெளிச்சம் என்று மில்காரர் குனிந்தார். புருவத்திலும் மீசையிலும் மாவு.

"முகம் பதிவாயிற்று. வாழ்த்துகள், மாணவியே," என்றது டேப்லெட்.

மில்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "என்னைத்தான் சொல்லுதா?"

டீச்சர் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டும். ஏணியில் ஏறி நின்று பேசினார். எதிர்முனையில் ஒரு பெண் மிகவும் பணிவாகச் சொன்னாள்: "முகத்தை மாத்தணும்னா மாணவிக்கு விபத்து நடந்திருக்கணும், இல்ல ஆபரேஷன் நடந்திருக்கணும். டாக்டர் சர்டிபிகேட் இருக்கா மேடம்?"

"முகம் மாறலைம்மா. அது மாமா முகம்."

"மாணவி எதுக்கு மாமா முகத்தை வெச்சிருக்காங்க?"

டீச்சர் ஏணியிலிருந்து இறங்கினார்.

பாடம் தொடங்கியது. வகுப்பறைக்கு ஒரே ஜன்னல். உள்ளே இருட்டில் டேப்லெட்டுக்குப் பிள்ளைகளின் முகம் தெரியவில்லை. வெளியே வெயிலில் பிள்ளைகளுக்கு டேப்லெட்டின் திரை தெரியவில்லை. ஆகவே வெளியே வந்து முகம் காட்டிவிட்டு, உள்ளே ஓடிப் பாடம் பார்த்து, மூன்று நிமிடத்தில் அது மறுபடி முகம் கேட்க, வெளியே ஓட வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு முப்பது தரம். பிள்ளைகளுக்கு எழுத்து வந்ததோ இல்லையோ, நல்ல மூச்சு வந்தது. சாயங்காலம் டீச்சர் இருபதையும் சாக்கில் போட்டுத் தொட்டியின் மேல் ஏறி, கணக்கை அனுப்பிவிட்டு இறங்குவார். கரும்பலகையில் கடைசியாக எழுதிய பின்னக் கணக்கு மூன்று வாரமாக அப்படியே இருந்தது. பாதிக் கணக்கு.

டேப்லெட்டில் சுகாதாரப் பாடம் ஒன்று இருந்தது. அதில் ஒரு கழிப்பறை. அதற்கு நீல நிறத்தில் அழகான கதவு. விரலால் தொட்டால் திறக்கும், மறுபடி தொட்டால் மூடும், தாழ்ப்பாள் தானே விழும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான். பதினாலு பக்கத்துப் பிள்ளையின் டேப்லெட்டில் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததை டீச்சர் ஒருநாள் பார்த்தார். வெளியே போய் நின்றார்.

அடுத்த வாரம் பதினாலு வரவில்லை. டீச்சர் செங்கல் சூளைக்குப் போனார். தாயும் மகளும் சுடாத பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வளர்ற பொண்ணு டீச்சர்," என்றாள் தாய். கல்லிலிருந்து கை எடுக்கவில்லை. "தண்ணி குடிக்காம இருந்து இருந்து போன வாரம் காய்ச்சல்ல விழுந்துட்டா. எனக்குப் படிப்பு மேல கோவம் இல்ல. கதவு வந்தா சொல்லுங்க, அன்னைக்கே அனுப்புறேன்."

"இன்னொரு தடவை எழுதறேன்மா."

"எழுதுங்க. உங்க மேல குத்தம் இல்ல."

குற்றம் இல்லை என்று சொல்கிறவர்களின் முன்னால் நிற்பதுதான் கஷ்டம். பதினாலு நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், அந்தக் கணக்கை அழிச்சிட்டீங்களா?" "இல்ல," என்றார் டீச்சர். அது ஒன்றுதான் அன்று அவர் நிம்மதியாகச் சொன்ன பதில்.

ஒத்திகை மாதமும் முடிந்தது. இப்போது பிள்ளைகள் பத்தொன்பது. பள்ளி ஆற்றுக்கு அக்கரை போய்விடும். மற்ற பத்தொன்பதில் எத்தனை பேர் ஆற்றைத் தாண்டுவார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். விரல்விட்டு எண்ணினால் ஒரு கை போதும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மில்லுக்குப் போய், பதினாலாவது டேப்லெட்டை மில்காரர் முன் வைத்தார்.

"தினம் தொண்ணூறு நிமிஷம் இதுக்கு மூஞ்சி காட்டணும். உங்க மூஞ்சியைத்தான் அதுக்குத் தெரியும்."

"தப்பில்லையா டீச்சர்?"

"தப்புதான்," என்றார் டீச்சர். "ஆனா பள்ளிக்கூடம் இருக்கும்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் ஒரு பொய்யைச் சொன்னால், அதைச் சொல்லிய வாய் நாள் முழுக்கக் கசக்கும். ஆனால் மில்காரருக்கு அந்தப் பொய் இனித்தது. மில் ஓடும்போது அவருக்கு வேறு வேலை இல்லை. அ, ஆ-வில் தொடங்கினார். இரண்டு மாதத்தில் மூட்டையின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தார். நான்கு மாதத்தில் மழைச்சுழற்சி, ஐந்து மாதத்தில் பின்னம். தொண்ணூறு நிமிடம் கேட்ட இடத்தில் முன்னூறு நிமிடம் முகம் காட்டினார். அரசாங்கம் இத்தனை செலவழித்து அனுப்பிய இருபது டேப்லெட்டில் ஒன்று உண்மையிலேயே ஓர் ஆளைப் படிக்கவைத்தது. அந்த ஆள் மாவு அரைப்பவர் என்பது டேப்லெட்டின் குற்றம் இல்லை.

வருட முடிவில் பட்டியல் வந்தது. மாவட்டத்தில் முதலிடம்: பதினாலாம் எண் மாணவி. பரிசு கொடுக்க இயக்குநரே நேரில் வருகிறார் என்று கடிதம் சொன்னது. டீச்சர் அதை மூன்று தரம் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து சூளைக்குப் போனார். "ஒரே ஒரு நாள் அனுப்பும்மா. மேடையில நின்னா போதும். இயக்குநர்கிட்ட நானே கதவைப் பத்திக் கேக்கறேன்." கதவு என்றதும் தாய் ஒப்புக்கொண்டாள்.

இயக்குநர் பெரிய உருவம். நீண்ட பயணம், காரில் நிறையத் தண்ணீர் குடித்திருந்தார். இறங்கியதும், கழிப்பறை எங்கே என்று அவர் கேட்ட முதல் கேள்வியே டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தது. பள்ளியில் சுவரோடு இருந்த கழிப்பறை பெண் பிள்ளைகளுடையது ஒன்றுதான். இயக்குநர் வாசலில் நின்று பார்த்தார். கதவு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. "விரல் நுனியில் உலகம்" என்று எழுதிய வரவேற்புத் துணியை அவிழ்த்துவந்து, ஒரு முனையைத் தானும் மறுமுனையை டிரைவரும் பிடிக்க, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வாசலை மறைத்து நின்றார்கள்.

டீச்சர் காத்திருந்தார். நான்கு வருடத்தில் பதினோரு கடிதம் சொல்லாததை இந்த நான்கு நிமிடம் சொல்லிவிடும் என்று நினைத்தார். இயக்குநர் வெளியே வந்து கை துடைத்துக்கொண்டார்.

"நல்ல காத்தோட்டம்," என்றார்.

மேடையில் அவர் பேசினார். "முப்பது வருஷமா கல்வித் துறையில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு வகுப்பறைக்குள்ள போனதில்ல. போனா மனசு ஒரு பக்கமா சாஞ்சிடும். தூரத்துல இருந்து பார்க்கறவனுக்குத்தான் முழுசா தெரியும். முன்னெல்லாம் பிள்ளைக்குப் படிக்கத் தெரியலைன்னா, தெரியலைன்னுதான் தெரியும். இன்னைக்குப் படிக்கத் தெரியலைன்னாலும் படிச்ச மாதிரி தெரியுது. இது சாதாரண வளர்ச்சி இல்ல." ஒருங்கிணைப்பாளர் கை தட்டினார். அவர் தட்டியதால் ஊரும் தட்டியது.

பதினாலு மேடை ஏறினாள். கடன் வாங்கிய பாவாடை, நகக்கண்ணில் செம்மண். இயக்குநர் அவள் கையில் டேப்லெட்டைக் கொடுத்து, "திறம்மா, எல்லாரும் பார்க்கட்டும்" என்றார். அவள் முகத்தருகே தூக்கினாள்.

"இவர் மாணவி அல்ல," என்றது டேப்லெட்.

சரியாகப் பிடிக்கச் சொன்னார்கள். தலைமுடியை ஒதுக்கச் சொன்னார்கள். வெயில் பக்கம் திருப்பினார்கள். அது நான்கு தரமும் ஒரே பதிலைச் சொன்னது. கூட்டத்தில் நின்ற மில்காரர் பொறுக்கமாட்டாமல் மேடைக்குப் போய், "ஐயா, அது வந்து..." என்று குனிந்தார்.

"வருக மாணவியே. இன்று அறுபதாம் பாடம்," என்றது டேப்லெட்.

கூட்டம் சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. மில்காரரின் மீசையைப் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார். டீச்சர் முன்னால் வந்து நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னார். மில், முகம், காய்ச்சல், சூளை, கதவு.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "மேடம், மனுஷங்க ஆயிரம் சொல்லுவாங்க. கருவி பொய் சொல்லாது. அஞ்சு மாசம் தினமும் படிச்ச முகம் இது. அதுக்குப் பரிசு உண்டு. இந்தப் பொண்ணு யாருன்னு கருவிக்கே தெரியல. தெரியாத பிள்ளையை நாம எப்படிப் பட்டியல்ல வெச்சிருக்க முடியும்?"

"சார், அவதான் பிள்ளை. அவர் மில் நடத்துறவரு."

"அதெல்லாம் வயசு வித்தியாசம். துறை வித்தியாசம் பார்க்காது."

அங்கேயே தீர்ப்பு எழுதினார்கள். பதினாலாம் எண்: மீசையுள்ளவர், உண்மையான மாணவி, தொடர்ந்து பயிலலாம். மேடையில் நின்ற சிறுமி: போலி, நீக்கம். பள்ளியின் எண்ணிக்கை இருபது; இணைப்பு இல்லை. மில்காரர் கழுத்தில் பதக்கம் போட்டுப் படம் எடுத்தார்கள். பதினாலு மேடையிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நேரே சூளைப் பக்கம் நடந்தாள். போகிற வழியில் வகுப்பறைக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். கணக்கு அங்கேயே இருந்தது.

பள்ளி பிழைத்துவிட்டது. யாரைக் காப்பாற்றக் கதவு கேட்டாரோ அவளை விற்றுத்தான் பிழைத்தது. அன்று டீச்சர் பள்ளிப் படியில் உட்கார்ந்து அழுதார். மில்காரர் பதக்கத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து தள்ளி நின்றார்.

"நம்ம பாப்பா இடத்தை நான் தின்னுட்டேன் டீச்சர்."

"நான்தானே உட்கார வெச்சேன்."

மில்காரர் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கதவில் "அரசுச் சொத்து" என்று அச்சடித்திருந்தது. இப்போது அவருக்கு அதைப் படிக்கத் தெரியும்.

"டீச்சர், அன்னைக்குப் பலகைக் கதவை எதுக்குக் கழட்டினாங்க?"

"அரசாங்கத்துக்குச் சொந்தமில்லைன்னு."

"இது சொந்தம்தானே?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். மில்காரர் ஸ்பேனர் எடுத்துவரப் போனார். பெல்ட்டும் பேரிங்கும் மாற்றிப் பழகிய கை. கீல்களைக் கழற்றக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு கதவும் சேர்ந்து கழிப்பறை வாசலுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தின. பூட்டை உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தாழ்ப்பாளாக்கினார். மறுநாள் காலையில் பதினாலு வந்தாள். பட்டியலில் இல்லாததால் அவளுக்கு டேப்லெட் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடி முழுதாகக் குடித்துவிட்டு, கரும்பலகை முன் உட்கார்ந்தாள்.

அலமாரியைப் படம் எடுத்து வாரம் ஒருமுறை அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒரு பொய்யே போதும் என்று டீச்சருக்கு ஆகியிருந்தது. கதவில்லாத அலமாரியை அப்படியே படம் எடுத்து, கீழே எழுதினார்: "கதவுகள் பயன்பாட்டில் உள்ளன." பதினோரு கடிதத்துக்கு நான்கு வருடம் எடுத்துக்கொண்ட அலுவலகம், இதற்கு மூன்று நாளில் பதில் போட்டது. டேப்லெட்டுகளின் பாதுகாப்புக்கான கதவுகள் மனிதர்களின் பாதுகாப்புக்குத் திருப்பப்பட்டிருப்பது கடுமையான விதிமீறல். ஏழு நாளைக்குள் மீண்டும் அலமாரியில் பொருத்த வேண்டும். எட்டாம் நாள் ஆள் வரும்; தேவைப்பட்டால் பள்ளியின் நிலை மறுபரிசீலனை செய்யப்படும்.

டீச்சர் கடிதத்தை எடுத்துக்கொண்டு சூளைக்குப் போனார். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. தாய்க்குப் படித்துக் காட்டினார்.

தாய் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள்.

"அப்ப கதவு எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"ஏழு நாளைக்கு இருக்கும்மா. அதுக்கப்புறம் எனக்குத் தெரியல."

தாய் யோசித்தாள். அடுக்கிய கல்லை ஒருமுறை பார்த்தாள்.

"சரி," என்றாள். "ஏழு நாளைக்கு அனுப்புறேன்."

டீச்சர் பள்ளிக்குத் திரும்பினார். இருபது டேப்லெட்டும் கதவில்லாத அலமாரியில் வரிசையாக இருந்தன; ஒன்றும் களவு போகவில்லை. கரும்பலகையில் அந்தப் பாதிக் கணக்கு. பின்னம் முடிக்க ஏழு நாள் போதுமா என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். பெருக்கலுக்கு இரண்டு, வகுத்தலுக்கு மூன்று, மீதி இரண்டு நாளில் அவள் கேட்கப்போகிற கேள்விகள். சாக்பீஸைக் கையில் எடுத்தார்.